பதறாத கை

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. இதன் உண்மையை ஏட்டில் கற்பாரினும் தொழிலில் கற்பாரே நன்கு உணர்வர்.

கோயம்புத்தூரிலிருந்து திருப்பூருக்குச் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த ஊர் சோமனூர். விசைத்தறியின் ஓசை இவ்வூர்த் தெருக்களில் இடையறாது ஒலிக்கும். கூலிக்கு நெய்யும் குடும்பங்கள் பல இங்கு வாழ்கின்றன. அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிதலும், சிக்கிய நூலை நிதானமாகப் பிரித்தலும் இம்மக்களுக்குக் கைவந்த கலைகள்.

அத்தகைய நெசவாளர் ஒருவரிடம் பழைய கார் ஒன்று இருந்தது. அவருடைய அன்னையாருக்குக் கண்ணிற் புரை. அறுவைக்காக மறுநாட் காலை அவரைக் கோவைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அந்நிலையில், ரேடியேட்டரின் அடியிலுள்ள ரப்பர்க் குழாய் கசிவதை நெசவாளர் கண்டார். புதுக் குழாய் ஒன்று வாங்கி வந்து, தாமே மாற்ற முனைந்தார்.

எஞ்சினைக் குளிர்விக்கும் நீர், எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே ஓயாது சுற்றி வருகிறது. ஓடும் எஞ்சின் அதிரும். ரேடியேட்டரோ வண்டியின் சட்டத்தோடு பிணைந்து நிற்கும். இவ்விரண்டையும் விறைத்த இரும்புக் குழாயால் இணைத்தால் அது விரிசல் காணும். ஆதலின் வளைந்து கொடுக்கும் ரப்பரே அங்கு ஏற்றதாயிற்று. பதப்படுத்தாத ரப்பர் வெப்பத்தில் இளகும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடேற்றி அக்குறையை நீக்கும் வழியை, 1839-ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர் கண்டறிந்தார். எனினும், அவ்வாறு பதப்படுத்திய ரப்பரும் பல்லாண்டு சூட்டில் இருந்தால், தான் மாட்டப்பட்ட கழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். இடையிற் படியும் துருவும் உப்பும் அப்பிடியை மேலும் இறுக்கும்.

எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே நெசவாளர் மூடியைத் திறந்தார். உள்ளே அழுத்தம் மிகுந்திருப்பதால், அங்குள்ள நீர் 100 பாகைக்கு மேலும் கொதியாமல் இருக்கக்கூடும்; சூட்டோடு திறப்பின் அது பீறிட்டு உடலைச் சுட்டுவிடும். குளிர்விக்கும் நீரில் கலந்துள்ள மருந்து இனிப்புச் சுவையுடையது, ஆயினும் நஞ்சு. நாயும் பூனையும் நக்கிவிடாதபடி அந்நீரை ஒரு பாத்திரத்தில் வடித்து மூடி வைத்தார்.

இவ்வளவு நிதானமாகச் செய்தவர், பின்னர்ப் பதற்றத்திற்கு இடங்கொடுத்தார். கிளிப்பைத் தளர்த்திக் குழாயைப் பற்றி இழுத்தார், அது அசையவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குறடு கொண்டு கவ்வி, முழு வலிமையோடும் இழுக்கலானார். ரேடியேட்டரின் கழுத்தோ பிளாஸ்டிக்கால் ஆனது. அது முறிந்தால் சிறு செலவு பெருஞ்செலவாகும். காலைப் பயணமும் நின்றுவிடும்.

திண்ணையில் அமர்ந்திருந்த அன்னையாருக்குப் பார்வை மங்கல். ஆயினும் செவி கூர்மையானது. குறடு நழுவும் ஓசையைக் கேட்டு, “கண்ணு, சிக்கு விழுந்த நூலை இழுத்தா பிரிப்பார்கள்?” என்றார்.

மகனின் கை நின்றது. குறட்டைக் கீழே வைத்தார். கிளிப்பைக் கழுத்திலிருந்து விலக்கிக் குழாயின் மேலே தள்ளினார். குழாயை இரு கையாலும் பற்றி, இடமும் வலமும் மெல்லத் திருகினார். முனை மழுங்கிய கம்பியை ரப்பருக்கும் கழுத்துக்கும் இடையே செலுத்திச் சுற்றிலும் நெகிழ்த்தினார். சில துளி சோப்பு நீரை விட்டார். எஞ்சின் பக்கத்து முனை கழன்றது. மற்றொரு முனை அப்போதும் விடவில்லை. மாற்றுக் குழாய் கையிலிருந்ததால், பழையதைக் கழுத்திற் கத்தி படாமல் நெடுக்கே கீறி உரித்தெடுத்தார். கழுத்தில் கீறல் விழுந்தால் புதுக் குழாயும் கசியும் என்பதை அவர் அறிவார். பின்னர்க் கழுத்தைத் துடைத்துப் புதுக் குழாயை மாட்டிக் கிளிப்பை இறுக்கினார்; நீர் நிரப்பி எஞ்சினை ஓடவிட்டார். ஒரு துளியும் கசியவில்லை.

இக்காலக் கார்கள் பலவற்றில் கிளிப்புக்கு மாறாகத் தாமே பூட்டிக்கொள்ளும் இணைப்புகள் உள்ளன. அவற்றுட் சிலவற்றைக் கழற்ற, முதலில் உள்நோக்கித் தள்ள வேண்டும். பூட்டு நெகிழ்ந்த பின்னரே வெளியே இழுக்க வேண்டும். பூட்டிய முறையை அறியாமல் இழுப்பவர் உடைப்பவரே ஆவர்.

சோமனூரைப் போலவே சூலூர் வட்டத்தைச் சேர்ந்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893-ஆம் ஆண்டிற் பிறந்தவர் ஜி. டி. நாயுடு. பள்ளிக் கல்வி அவருக்கு மிகுதியாக வாய்க்கவில்லை. இளமையில் மோட்டார் சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்கி, அதன் உறுப்புகளைக் கழற்றியும் மீண்டும் பூட்டியும் பொறியறிவு பெற்றார். 1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்துடன் தொழில் தொடங்கிப் பெரும் போக்குவரத்து நிறுவனத்தை உருவாக்கினார். ஒரு பொறியைச் சிதைக்காமல் கழற்றியமையே அவருக்குக் கல்வியின் தொடக்கமாயிற்று.

மறுநாள் விடியலில், அன்னையாருடன் அக்கார் கோவைக்குப் புறப்பட்டது. வலிமை எல்லார்க்கும் உண்டு. அதனை எங்கே நிறுத்துவது என்று அறிந்த கையே தொழில் கற்ற கையாகும்.