காகிதக் குண்டு

என்னிடம் ஒரு சாக்கு இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் அதைப் பத்திரமாகக் காப்பாற்றி வந்தேன். அரியலூருக்குப் பக்கத்தில் கல்லங்குறிச்சி ராமநவமித் திருவிழாவில், பலூன் சுடும் கடைக்காரர் ஒருவர் அதைப் பிடுங்கிக்கொண்டுவிட்டார்.

1992 கோடை விடுமுறை. எனக்குப் பன்னிரண்டு வயசு. பெரம்பலூர் அப்போது திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. தனி மாவட்டமானது 1995-இல்தான். ஊருக்கு வெளியே மாமாவுக்குக் கிணற்றுப் பாசனத்தில் சோளக் கொல்லை. கிளிகளுக்காக ஒரு காற்றுத் துப்பாக்கி வைத்திருந்தார். கிளியைச் சுடுவது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதை மாமா அறிவாரோ என்னவோ, கிளிகள் அறிந்திருந்தன. ஒன்றுகூட அவர் குண்டுக்கு விழுந்து நான் பார்த்ததில்லை.

ஈயக் குண்டுகளை மாமா எண்ணித்தான் டப்பாவில் வைப்பார். ஆகவே நான் பழைய தினசரிக் காகிதத்தை மென்று, உருட்டி, குழலில் திணித்துச் சுட்டேன். என்ன சத்தம்! ஒரு நாளைக்கு நூறு தடவையாவது இருக்கும். நாலாம் நாள் மத்தியானம் குழலை மடக்கினேன். கைக்கு எதிர்ப்பே இல்லை. உள்ளே எதுவோ உடைந்து கலகலத்தது. சத்தமில்லாமல் ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.

துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போடுவது மாடு மேய்க்கும் பையனின் வேலை. என் வயசுதான் அவனுக்கும். "நான் சுடலீங்க" என்று அவன் சொன்னதை மாமா நம்பவில்லை. அவன் என்னைப் பார்த்தான். நான் தொழுவத்தைப் பார்த்தேன். சாயங்காலம் அவன் அப்பா வந்து அழைத்துக்கொண்டு போனார்.

அன்று இரவு பிறந்ததுதான் அந்தச் சாக்கு. நான் போட்டது காகிதம்! காகிதம் இரும்பை என்ன செய்துவிடும்? ஸ்பிரிங் தானாகவே தேய்ந்து ஒடிந்திருக்க வேண்டும்.

கல்லங்குறிச்சியில் கலியுக வரதராஜப் பெருமாளுக்கு விக்கிரகம் கிடையாது. கல் கம்பம்தான் மூலவர். தரிசனம் முடித்து, கரும்புச்சாறு, ராட்டினம் எல்லாம் தாண்டி வந்தால் பலூன் கடை. நாலு குண்டுக்குக் காசு கொடுத்தேன். கடைக்காரருக்கு அறுபது வயசு இருக்கும். முன்னால் நின்ற ஒரு வாலிபன் குண்டு போடாமலே விசையை இழுக்கப் போனான். பெரியவர் பாய்ந்து கையைப் பிடித்தார்.

"வெறும் துப்பாக்கியைச் சுட்டா ஸ்பிரிங் போயிடும், தம்பி!"

எனக்குச் சுருக்கென்றது. "காகிதம் போட்டுச் சுட்டால்?" என்று கேட்டேன்.

"அதுவும் வெறும் துப்பாக்கிதான் சார்" என்றார்.

அவர் சொன்ன விளக்கம் சைக்கிள் பம்பு. பம்பின் வாயை விரலால் மூடிக்கொண்டு கைப்பிடியை அமுக்கினால், உள்ளே காற்று மெத்தைபோலத் தாங்கும். விரலை எடுத்துவிட்டால் அடியில் போய் 'டக்'கென்று இடிக்கும். துப்பாக்கிக்கு விரல் அந்தக் குண்டுதான். நாலரை மில்லிமீட்டர் குழலுக்குச் சாதாரண ஈயக் குண்டு ஏறக்குறைய அரை கிராம். அது அசைய மறுக்கும் அந்த ஒரு கணத்தில்தான் பிஸ்டனுக்கு முன்னால் காற்று இறுகி அதன் வேகத்தைத் தாங்கிக்கொள்கிறது. மிக இலேசான குண்டு முந்திக்கொண்டு ஓடிவிடும், மெத்தை சேராது, பிஸ்டன் இரும்பிலே போய் மோதும். வாஷர் நசுங்கும், ஸ்பிரிங் ஒடியும்.

"அப்படியானால் கனமான குண்டு நல்லதா?"

"அதுவும் ஆகாது. ரொம்பக் கனம்னா காத்து வெளியே போக நேரமாகும். பிஸ்டன் பின்னாலே எகிறி மறுபடி வந்து விழும். ஸ்பிரிங் சீக்கிரமே சோர்ந்துடும். ஒரு ஸ்பிரிங் போனா எனக்கு ஒரு திருவிழாச் சம்பாத்தியம் போச்சு."

அவர் ரொம்ப ஸ்வாரஸ்யமாகத்தான் பேசினார். ஆனால் என் காதில் அந்தத் தொழுவத்து மாடுகளின் மணியோசை கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏன் சார், யாராவது காகிதம் போட்டுச் சுட்டாங்களா?"

"ஒரு பையன்" என்றேன்.

எந்தப் பையன் என்று அவர் கேட்கவில்லை. ஒரு குண்டுதான் சுட்டேன், பலூன் உடையவில்லை. மீதி மூன்று குண்டுகளைப் பக்கத்தில் நின்ற ஒரு சிறுவனுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.