அந்தி எனும் கூடல்

பகலுக்கும் இரவுக்கும் இடையே இறைவன் அமைத்த சிறுபொழுதை நாம் அந்தி என்கிறோம். அப்போது ஒளி முற்றும் அகன்றுவிடுவதில்லை. இருளும் முற்றும் சூழ்ந்துவிடுவதில்லை. வழக்கில் மாலையையே இச்சொல் பெரிதும் குறித்தாலும், காலையந்தியும் உண்டு. அந்தித்தல் என்பதற்குச் சந்தித்தல் என்பது பொருள். எனவே அந்தி முடிவன்று. இரு பொழுதுகள் ஒன்றுகூடும் கூடல்.

முதுமையை 'அந்திமக் காலம்' என்று கூறும் வழக்கம் இவ்வுண்மையை மறைத்துவிட்டது. அந்திமம் என்பது இறுதியைக் குறிக்கும் வேறொரு சொல். ஒலியொற்றுமை இரண்டையும் நம் செவியில் ஒன்றாக்கிவிட்டது. சொல்லில் நேர்ந்த இம்மயக்கம் வாழ்விலும் புகுந்து, முதியோர் எனில் முடிந்து போனவர் என எண்ணும் மனப்போக்கை வளர்த்துவிட்டதோ என்று நாம் அஞ்சுகிறோம்.

நம் முன்னோர் நாளைச் சிறுபொழுதுகளாகப் பகுத்தபோது, மாலையை முல்லைக்கு உரியதாக்கினர். காத்திருத்தலே முல்லையின் ஒழுக்கம். மாலை கண்டு வருந்தும் நெஞ்சினைப் பாட வள்ளுவப் பெருந்தகை 'பொழுதுகண்டு இரங்கல்' என்று 123ஆம் அதிகாரத்தையே வகுத்தார். திருக்குர்ஆனின் 84ஆம் அத்தியாயமோ, அந்திச் செவ்வானத்தின் மீது சத்தியமிட்டு, மனிதன் நிலைவிட்டு நிலை கடந்து செல்வதை உணர்த்துகின்றது. கதிரவன் மறைந்ததும் தொடங்கும் மஃரிபு வேளை, அந்தியொளி மறையும்வரை நீடிக்கின்றது. அவ்வொளி என்பது செம்மையா, அதன்பின் எஞ்சும் வெண்மையா என்று இமாம்கள் நுணுகி ஆராய்ந்துள்ளனர். மங்கும் ஒளியையும் அத்துணை மதித்தது அம்மரபு.

எம் தந்தையார் தம் இறுதி ஆண்டுகளில் பார்வை மங்கப் பெற்றார். மக்களில் இருவர் வளைகுடா நாட்டில் பொருளீட்டச் சென்றிருந்தனர். அஸர் தொழுகைக்குப் பின் அவர் திண்ணையில் வந்து அமர்வார். "யாரை எதிர்பார்க்கிறீர்கள், அத்தா?" என்று ஒருநாள் வினவினோம். "யாரையும் இல்லை, தம்பி. இந்த நேரத்தில் வாசலில் ஒருவர் இருக்க வேண்டும்" என்றார். தெருப் பிள்ளைகள் அவரிடம் வந்து சீறாப்புராணத்தை உரக்கப் படிப்பார்கள். நூலைக் காண இயலாத அவர், செவியாலேயே பிழை திருத்துவார். சீர் பிரிக்க வேண்டிய இடத்தில் விரலால் திண்ணையைத் தட்டுவார். மஃரிபு பாங்கு ஒலித்ததும் பாடம் முடியும். அவர் மறைந்து ஆண்டுகள் பலவாயின. அப்பிள்ளைகளில் இருவர் இன்று தமிழாசிரியர்கள். அவர்கள் பாட்டைப் படிக்கக் கேட்டோம். அவர் தட்டிய இடங்களிலேயே நிறுத்திப் படிக்கின்றனர்.

வானியலார் கூறும் செய்தி ஒன்று இங்கு நினைவுக்கு வருகின்றது. கதிரவன் அடிவானுக்குக் கீழே 18 பாகை இறங்கும்வரை அதன் ஒளி வானில் சிறிதேனும் எஞ்சுகின்றது. நம் தமிழகத்தில் அதற்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் ஆகும். இலண்டன் மாநகரிலோ ஜூன் மாத நடுவில் இரவு முழுவதும் அவ்வொளி முற்றும் அகல்வதில்லை. மறைந்த கதிரவனின் ஒளியை மேலடுக்குக் காற்று ஏற்றுச் சிதறச் செய்வதே இதற்குக் காரணம். காற்றில்லாத நிலவுலகில் இத்தகைய அந்தி இல்லை. ஏற்பதற்கு ஒன்று இருந்தால்தான் மறைந்த ஒளி நிலைக்கும்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்தார். அவர்தம் மாணாக்கர் உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். தம் ஆசிரியரின் வரலாற்றையும் எழுதி வைத்தார். மற்றொரு மாணாக்கரான நாகூர் குலாம் காதிறு நாவலரோ, இசுலாமியத் தமிழ் இலக்கியத்துக்கு வளம் சேர்த்தார். சமயம் வேறாயினும் அவ்விருவரும் ஏற்ற ஒளி ஒன்றே.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லங்களிலும் திண்ணைகளிலும் முதியோர் பலர் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் அறிந்த பாட்டும் பழமொழியும் ஊர் வரலாறும் எந்நூலிலும் ஏறாதவை. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, ஒரு மாலையேனும் அவர்கள் அருகில் அமர்ந்து கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். காத்திருப்பவர்களுக்கு அதனினும் இனிய கைம்மாறு இல்லை.