சட்டைப் பையில் ஊர்ப்பெயர்

திருவண்ணாமலை மாவட்டத்து மலை ஊரான ஜமுனாமரத்தூரின் கடைத்தெருவில் அந்த ஜெராக்ஸ் கடை திறந்து அரை மணிகூட ஆகவில்லை. அதற்குள் வாசல் நிறைந்துவிட்டது. உட்கிராமங்களிலிருந்து நடந்து வந்தவர்கள், வண்டி பிடித்து வந்தவர்கள், இங்கு வேலை முடித்துப் போளூர் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள். அதிகம் பேச்சில்லை. எல்லோர் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் கவர்.

முதலில் எழுந்தது ஒரு மூதாட்டி. மஞ்சள் பையைத் திறந்து, கவரைப் பிரித்து, ஒவ்வொன்றாக மேசைமேல் அடுக்குகிறார். ஆதார், வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, நூறுநாள் வேலை அட்டை, வங்கிப் புத்தகம், மடித்து மடித்து நான்காகக் கிழியப் போகிற ஒரு பழைய ரசீது. எழுத்துக் கூட்டத் தெரியாதவர் என்பது பார்த்தாலே தெரிகிறது. ஆனால் கடைக்காரத் தம்பி ஒன்றைக் கேட்டால் மற்றொன்றை எடுப்பதில்லை. நிறமும் மடிப்பும் அவர் விரல்களுக்குப் பழகியிருக்கின்றன.

“ஆயா, ஆதார்ல ஒரு வயசு, ஓட்டு அட்டையில வேற வயசு இருக்கே. பேருலயும் எழுத்து மாறுது.”

“நான் ஒருத்திதாம்பா. எழுதுனவங்கதான் வேற வேற.”

தம்பி சிரிக்கவில்லை. திருத்தத்துக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று சொல்கிறான். பிறப்புச் சான்று, இல்லையென்றால் பள்ளிச் சான்று. இரண்டும் இல்லாத தலைமுறை அது. வீட்டில் பிறந்து, காட்டில் வளர்ந்து, சாமை விதைத்து, பலாவும் தேனும் சந்தைக்குச் சுமந்த தலைமுறை. அவர் பிறந்த நாளை எழுதி வைக்க அன்று எந்த அலுவலகமும் மலையேறி வரவில்லை. இன்று அந்த நாளைத் தேடிக் கொண்டுவரச் சொல்வது அவரிடம்தான்.

இந்த மூதாட்டியின் பக்கம் நிற்கிற சட்டமும் இந்த நாட்டில் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்துக்கு 2008-இல் வகுக்கப்பட்ட விதிகள், நிலத்தை அனுபவித்து வந்ததற்கான சான்றுகளை வரிசைப்படுத்துகின்றன. ரேஷன் அட்டையும் வாக்காளர் அட்டையும் அதில் உண்டு. வீடு, கிணறு, இடுகாடு ஆகியவையும் உண்டு. ஊர் மூத்தவர் சொல்லக் கேட்டு எழுதிய வாக்குமூலமும் சான்றுதான் என்கிறது 13-ஆவது விதி. காகிதம் போகாத இடத்தில் மனிதரின் சொல்லை நம்பலாம் என்று அரசே ஒப்புக்கொண்ட விதி அது. ஆதார் சட்டத்தின் 7-ஆவது பிரிவும், எண் இன்னும் கிடைக்காதவருக்கு வேறு வழியில் அடையாளம் காட்ட வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. அந்த மனம் மேசைவரை வந்து சேர்வதில்லை.

அடுத்து ஒரு தகப்பனும் மகளும். பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கல்லூரிக்குச் சாதிச் சான்று வேண்டும். பழங்குடியினருக்கு அதைத் தருபவர் வட்டாட்சியர் இல்லை, கோட்டாட்சியர். 11.11.1989 முதல் அப்படித்தான். அந்த அலுவலகம் மலைக்குக் கீழே. தகப்பன் கையில் தன் அப்பாவுக்கு வட்டாட்சியர் கொடுத்த பழைய சான்று இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன் வட்டாட்சியர் கொடுத்த சான்றுகள் செல்லும். அது தெரியாமலோ, யாராவது செல்லாது என்று சொல்லிவிடுவார்கள் என்றோ, அவர் அதை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார்.

பழங்குடிப் பட்டியலில் இந்த மலையில் வாழும் மலையாளி இனத்தாரின் பெயருக்குப் பக்கத்தில் மாவட்டங்களின் பெயரும் உண்டு. அதில் இருப்பது வட ஆற்காடு. அந்த மாவட்டம் 1989-இல் பிரிந்துபோனது. திருவண்ணாமலை மாவட்டம் பிறந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. பட்டியலில் உள்ள மாவட்டப் பெயருக்கும் அட்டையில் உள்ள மாவட்டப் பெயருக்கும் நடுவே இருக்கும் இந்த வரலாற்றை விளக்கும் பொறுப்பும் கடைசியில் இப்படி ஒரு தகப்பன்மேல்தான் விழுகிறது. இதே மலையில் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றதை 2024-இல் தமிழ்நாடே கொண்டாடியது. அந்தப் பெருமைக்குப் போகும் பாதையும் இந்த ஜெராக்ஸ் மேசையைத் தாண்டித்தான் போகிறது.

மூன்றாவதாக வந்தவனுக்கு இருபது வயதிருக்கும். ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர்வண்டி வேலைக்குப் போகிறான். ஆந்திரப் பக்கம் மூன்று மாதம். ஆதாரைப் பிளாஸ்டிக் அட்டையாக அடித்துக் கேட்கிறான். கூட இரண்டு கலர் ஜெராக்ஸ். அட்டை சூடு ஆறுமுன் அவன் அம்மா அதை வாங்கிப் பார்க்கிறார்.

“பையில போடாத கண்ணு. ஜோப்புலயே வச்சிக்க. கேட்டா உடனே எடுத்துக் காட்டு.”

பக்கத்தில் நின்ற பெரியவர் மெதுவாகச் சொல்கிறார்: “ஊர்ப்பேரைப் பாத்துதான் இறக்குறாங்க, அத்தினி பேரையும்.”

வாசலில் இருந்த யாரும் அதற்கு விளக்கம் கேட்கவில்லை. 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் சேஷாசலம் காட்டில் ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை இருபது தமிழரைச் சுட்டுக் கொன்றது. இந்த மலையையும் இதன் அடிவாரத்தையும், தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையையும் சேர்ந்த கூலிகள் அவர்களில் பெரும்பாலோர். தங்களைத் தாக்கியதால் சுட்டோம் என்றது காவல்துறை. பேருந்திலிருந்து இறக்கி அழைத்துச் செல்லப்பட்டார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். அன்றுமுதல் ஆந்திர எல்லையில் இந்த மலையின் முகவரிக்கு இரண்டு வேலை. ஆளை இன்னார் என்று காட்டுகிறது. சந்தேகத்தையும் கூடவே அழைத்து வருகிறது.

அடையாள அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று இந்தியக் குடிமகனுக்குப் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. வண்டி ஓட்டுபவர் சீருடையில் உள்ள காவலர் கேட்டால் உரிமத்தைக் காட்ட வேண்டும். முன்பதிவு ரயிலில் போகிறவர் அடையாளம் காட்ட வேண்டும். தெருவில் நடப்பவருக்கும் பேருந்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் அப்படி ஒரு கடமை இல்லை. சிறு குற்றம் சாட்டப்பட்டவரிடம்கூடச் சட்டம் கேட்பது பெயரையும் இருப்பிடத்தையும்தான். குடியுரிமைச் சட்டத்தில் தேசிய அடையாள அட்டைக்கென ஒரு பிரிவு 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்தது. அப்படி ஓர் அட்டை இன்னும் நம் கைக்கு வரவில்லை. ஆதார் குடியுரிமைக்குச் சான்று ஆகாது என்று அதன் சட்டமே சொல்கிறது.

சீட்டு இல்லாமல் ஊர் தாண்டக்கூடாது என்ற காலத்தைத் தமிழர்கள் அறிவார்கள். குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ், வேற்றூரில் ஓர் இரவு தங்குவதற்கும் பிரமலைக் கள்ளர் கையில் ராதாரிச் சீட்டு இருக்க வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுவதும் 1952-இலும் அந்தச் சட்டம் ஒழிந்தது. கடலுக்கு அப்பால், 1968-ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டம் இலங்கையில் அட்டையைக் கட்டாயமாக்கியது. போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் அந்த அட்டையில் இருந்த பிறந்த ஊர் தமிழருக்கு என்னவாக இருந்தது என்பதை யாழ்ப்பாணத்தார் எவரும் சொல்வார்கள். சட்டம் ஒழிந்த பிறகும் பழக்கம் ஒழியவில்லை என்பதற்கு இந்தப் பையனின் சட்டைப் பை சாட்சி.

அடையாளத்தை உடம்பில் அணிந்தே ஆக வேண்டும் என்று நம் சட்டம் கட்டளையிடும் ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் கைது செய்ய வரும் காவலர். டி.கே. பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அதைச் சொன்னது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 36-ஆவது பிரிவும் அதையே சொல்கிறது: கைது செய்பவரின் பெயர் சரியாகவும் தெளிவாகவும் கண்ணில் படும்படியும் இருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுத வேண்டும். அதில் குடும்பத்தாரோ ஊர்க்காரரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். இவற்றோடு, கைதானவரை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பதும் சட்டம்.

அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி மகனை அனுப்புகிற தாய்க்கு இந்த வரிகளை யாரும் சொல்லவில்லை. பள்ளியிலும், கிராம சபையிலும், ரேஷன் கடைச் சுவரிலும் தமிழில் எழுதி வைக்க வேண்டிய வரிகள் இவை. பயத்தில் வாங்கிய அந்த அட்டையோடு இந்த அறிவும் போகட்டும். பேருந்தில் ஏறிக் கைநீட்டுகிறவரின் மார்பில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்க்கும் உரிமை இந்த மலைப் பையனுடையது. அந்தக் கேள்வியை அவன் அச்சமில்லாமல் கேட்கும் நிலையை உண்டாக்க வேண்டியது அரசின் கடமை.