கண்ணாடியான இரும்பு

உளுந்தூர்பேட்டையில் இரும்பு வணிகம் செய்யும் குடும்பம் எம்முடையது. கம்பி கட்டும் மேஸ்திரி கடைக்கு வந்தால் ஒரு கம்பியை வளைத்துப் பார்த்த பின்னரே விலை கேட்பார். வளைய வேண்டும், வெடிக்கக் கூடாது. இரும்பைப் பற்றி எம் அத்தா எமக்குக் கற்பித்ததும் ஏறத்தாழ இவ்வளவே.

எனவே, உலோகவியலில் ஆய்வு செய்யும் எம் தமக்கை மகள், பளபளக்கும் நாடா ஒன்றைக் கொணர்ந்து, "மாமா, இது இரும்புக் கண்ணாடி" என்றபோது நகைத்தோம். கண்ணாடியென்றால் அதனூடே பார்க்க முடிய வேண்டாமா?

அவள் பொறுமையாக விளக்கினாள். உலோகம் உறையும்போது அதன் அணுக்கள், தொழுகையில் ஸஃபு நிற்பது போல, வரிசை வரிசையாக அணிவகுக்கின்றன. அதற்கு அவகாசம் கொடாமல் குளிரச் செய்தால், உருகிய நிலையின் ஒழுங்கின்மையோடே அவை நின்றுவிடும். சன்னல் கண்ணாடியின் உள்ளமைப்பும் இத்தகையதே. ஒளி ஊடுருவுவது வேறு செய்தி. 1960இல் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் போல் டுவெஸ் குழுவினர் பொன்னும் சிலிக்கானும் கலந்த உருகலை முதன்முதலில் இவ்வாறு உறைய வைத்தனர். நம் நாட்டில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் டி. ஆர். அனந்தராமன் இத்துறையை வளர்த்தார்.

அவள் கொணர்ந்த நாடா இரும்பு, போரான், சிலிக்கான் கலவை. உருகிய கலவையை, விரைந்து சுழலும் செப்புச் சக்கரத்தின் மீது மெல்லிய தாரையாகப் பீய்ச்சுகிறார்கள். நொடிக்குப் பத்து இலட்சம் டிகிரி வீதம் குளிர்ந்து அது நாடாவாகப் பறக்கிறது. நாற்பது நாடாக்களை அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் கனம் வரும்! மின்மாற்றியின் உள்ளகத்தை இதனால் செய்தால், சுமையின்றி நிற்கையில் வீணாகும் மின்சாரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது.

நம் முன்னோர் சென்றது நேர்மாறான வழி. நம்மூரைப் போலவே பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த மேல்சிறுவள்ளூரில், மூசையில் உருக்கு வடித்த தடயங்களைச் சாரதா சீனிவாசன் கண்டு 1994இல் எழுதினார். அக்கலையில் இரும்பையும் கரியையும் மூடிய மூசையிலிட்டு உருக்கி, மெல்ல ஆறவிடுவார்கள். இந்திய உருக்கால் ஆன வாளுக்கு அரபு மொழியில் முஹன்னத் என்றே பெயர்.

"வலிமை எப்படி?" என்றோம். வணிகன் வேறென்ன கேட்பான்!

1993இல் அறிவிக்கப்பட்ட ஒரு சிர்கோனியக் கலவை, நொடிக்கு ஓரிரு டிகிரி குளிர்ந்தாலே கண்ணாடியாகிவிடுகிறதாம். ஆகவே கனத்த கம்பியாகவே வார்க்கலாம். அதன் வலிமை ஏறத்தாழ 1,900 மெகாபாஸ்கல். நம் கடைக் கம்பியில் பொறித்துள்ள 500 என்ற எண்ணும் அதே அளவையே. இரண்டு விழுக்காடு நீட்டி விட்டாலும் பழைய நிலைக்கு மீளும்.

"ஆனால் மாமா, அதற்குமேல் இழுத்தால் நெகிழ்ந்து எச்சரிக்காது, ஒரேயடியாக அறுந்துவிடும்." சறுக்கல் முழுவதும் மயிரிழையினும் மெல்லிய ஒரு பட்டையில் குவிந்துவிடுவதே காரணம். உள்ளே மென்மையான படிகக் கிளைகளை வளர்த்தால் அப்பட்டை தடைபடும் என்பதை 2008இல் காட்டினார்கள். அவ்வழியில்தான் இவளும் மாதிரிகளை வார்க்கிறாள், இழுத்து ஒடிக்கிறாள், ஒடிந்த முகத்தை நுண்ணோக்கியில் பார்க்கிறாள்.

மூன்றாண்டாக இதே வேலை. நிறுத்திவிட்டுத் திருமணத்திற்கு இசையச் சொல்லுமாறு தமக்கை எம்மிடம் பொறுப்பு ஒப்படைத்திருந்தார். நாம் அவளிடம் ஒன்றே கேட்டோம்: "இக்கம்பியை நம்பி ஒரு கூரையை நிறுத்தலாமா, அம்மா?"

"இன்று கூடாது, மாமா."

தன் சரக்கைப் பற்றி இவ்வாறு சொல்பவரை எம் தொழிலில் அதிகம் கண்டதில்லை. "பெண் முடித்துவிட்டு வரட்டும், அக்கா" என்றோம். தமக்கைக்கு வருத்தந்தான். பெருநாளுக்கு வரும்போது மீண்டும் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.