விளையாட்டுப் பெட்டிக்கு ஒரு பலகை

தெமோதரைப் பக்கத்துத் தோட்ட லயங்களிலிருந்து வருகிற பிளேஸ்டேஷன் பெட்டியைத் திறந்தால் முதல் செய்தி மூக்குக்குத்தான் கிடைக்கும்: விறகுப் புகை வாசம். காற்றாடி இதழ்களில் கரியும் எண்ணெயும் கலந்த பசை, அதில் அப்பிய தூசு, ஓரத்தில் பல்லி முட்டையின் ஓடு, சில வேளை ஒரு கரப்பான் குடும்பமே குடியிருக்கும். கொழும்பிலே ஏசி அறையில் ஓடிய பெட்டியையும் திறந்திருக்கிறேன். அதில் இருப்பது காய்ந்த சாம்பல் நிறத் தூசு. பிரஷ்ஷால் தட்டினால் போய்விடும். நம்முடையது தட்டினால் போகாது. துடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

நான் இதைத் தொழிலாகச் செய்கிறவன் இல்லை. தம்பிமாரின் பெட்டியைத் திறக்கப் போய், பிறகு பக்கத்து வீட்டுப் பெட்டி, அதன் பிறகு மேல் டிவிஷன் பெட்டி என்று பழகிக்கொண்டது. இத்தனை பெட்டிகளைப் பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்றுதான். மலையகத்தில் இந்தப் பெட்டிகள் விளையாடிக் கெடுவது குறைவு, வீட்டின் காற்றினால் கெடுவதே அதிகம். அடுப்புப் புகை, மழைக்கால ஈரம், மத்தியான இடி, மாலையில் இறங்கி ஏறும் கரண்ட் ஆகியவைதான் காரணம். அதனால் யார் கேட்டாலும் ஸ்க்ரூ டிரைவரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், பெட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றுதான் கேட்பேன்.

பதில் பெரும்பாலும் ‘ஷோகேஸுக்குள்ளே’ என்று வரும். அதில் இருக்கிற பாசம் எனக்குப் புரியும். வீட்டிலேயே விலை கூடிய பொருள் அது. கண்ணாடிக் கதவுக்குள் வைத்து, அம்மா பூவேலை செய்த துணியை மேலே விரித்து, பிள்ளைகள் விளையாடும்போதும் அந்தத் துணியை எடுக்காமல் வைத்திருப்பார்கள். பிளேஸ்டேஷன் 4 பக்கவாட்டு இடுக்குகளால் காற்றை இழுத்துப் பின்பக்கமாகச் சூட்டை வெளியே தள்ளுகிறது. மூடிய ஷோகேஸுக்குள் அது தள்ளிய சூட்டையே திரும்ப இழுக்கும். சூடு ஏற ஏற காற்றாடி வேகமாகச் சுற்றும். வேகம் கூடக் கூட இன்னும் அதிகப் புகைத்தூசை உள்ளே கொண்டுபோகும். காற்றாடி இரைகிற சத்தம் வாசலுக்கே கேட்கிறதென்றால் அந்தப் பெட்டி மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது.

ஒரு பலகை போதும். அடுப்படிக்கு எதிர்ச் சுவரில், இடுப்பளவு உயரத்தில், பின்பக்கம் ஒரு சாண் இடம் விட்டு அடிக்க வேண்டும். கூரையோரம் வேண்டாம், புகை மேலேதான் தேங்கும். தரையும் வேண்டாம், மழைக்காலத்தில் சிமெந்துத் தரை வேர்ப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். விளையாடி முடித்து, பெட்டி ஆறிய பிறகு துணியைப் போர்த்துங்கள். அம்மாவின் பூவேலைக்கு அப்போது நல்ல வேலை இருக்கிறது, கரப்பானையும் புகையையும் தடுக்கும்.

இடியைப் பற்றி நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும், இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலத்தில், மத்தியானத்துக்குப் பிறகு ஊவா மலைகளில் இடியோடு மழை கட்டும். ‘டிரிப் சுவிட்ச் இருக்குதானே அண்ணே’ என்று பையன்கள் சொல்வார்கள். டிரிப் சுவிட்ச் மனிதரைக் காக்க வைத்தது. கரண்ட் எங்காவது கசிந்தால் அது விழும். மின்னல் கொண்டுவரும் பாய்ச்சலை அது தடுக்காது. சுவிட்சை அணைப்பதும் போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும். அதோடு கூரையில் இருக்கிற டிஷ்ஷிலிருந்து இறங்கும் வயரையும் கழற்ற வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். பிளக்கைக் கழற்றி வைத்திருந்தும், டிஷ் வயர் வழியாக டீவிக்குள் வந்து, டீவியிலிருந்து எச்டிஎம்ஐ வயர் வழியாகப் பெட்டிக்குள் புகுந்து எரித்துவிட்டுப் போன மின்னலை நான் பார்த்திருக்கிறேன்.

கரண்ட் போய் வருவது இன்னொரு தொல்லை. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அந்தக் காலத்தில் கெட்ட ஹார்ட் டிஸ்க்குகள் அதன் பிறகும் நெடுநாள் என்னிடம் வந்துகொண்டிருந்தன. பெட்டி எதையாவது எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் நின்றால் அந்த எழுத்து பாதியில் நின்றுவிடும். திரும்ப வரும்போது முதல் சில நிமிடங்களுக்கு கரண்ட் நிலையாக இருக்காது. பல்ப் ஒரே சீராக எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிளக்கைக் குத்த வேண்டும். கையில் காசு இருந்தால் கணினிக்கு வைக்கிற சின்ன யூபிஎஸ் ஒன்று போதும். அது விளையாட நேரம் தராது. சேமித்து ஒழுங்காக நிறுத்த நேரம் தரும்.

ஜப்பானிலிருந்து வருகிற பழைய பொருள்களுக்கு ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். அங்கே வீட்டுக் கரண்ட் 100 வோல்ட், இங்கே 230. ஜப்பானில் விற்ற பிளேஸ்டேஷன் 2-ஐ நேராக நம் பிளக்கில் குத்தினால் அன்றோடு அதன் பவர் சப்ளை முடிந்தது. பெட்டியின் முதுகில் ஒட்டியிருக்கிற சிட்டையை வாங்கும் கடையிலேயே வாசியுங்கள். 100 என்று மட்டும் எழுதியிருந்தால் வோல்டேஜ் இறக்குகிற டிரான்ஸ்ஃபோமர் ஒன்றும் சேர்த்து வாங்க வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்த பெட்டி இன்றும் பிளேஸ்டேஷன் 2 தான். 2000 மார்ச்சில் ஜப்பானில் வெளிவந்தது. பதினைந்து கோடிக்கும் மேல் விற்றது. 2013 தொடக்கத்தோடு தயாரிப்பு நின்றது. அதற்கு இனி கம்பெனியின் புது உதிரிப்பாகம் வராது, பெரும்பாலும் ஒரு பெட்டி பிழைக்க இன்னொரு பெட்டி தன் உறுப்பைத் தர வேண்டும். முதலில் சோர்வது லென்ஸ். டிஸ்க்கை வாசிக்கவில்லை என்றதும் லென்ஸை மாற்றச் சொல்வார்கள், அவசரப்பட வேண்டாம். நம் பக்கத்தில் பாதி லென்ஸ்கள் கெட்டவை அல்ல, புகை படிந்தவை. பஞ்சு சுற்றிய குச்சியில் ஐசோபுரொப்பைல் அல்ககோல் ஒரு துளி விட்டு, முகம் துடைக்கிற மாதிரி மெதுவாகத் துடைத்தால் பல பெட்டிகள் அன்றைக்கே எழுந்துவிடும். தின்னரும் நகப்பூச்சு அழிக்கிற திரவமும் பக்கத்திலேயே வரக்கூடாது. அந்த லென்ஸ் பிளாஸ்டிக், பட்டதும் வெளுத்துப்போகும், பிறகு மீட்க முடியாது.

டிஸ்க்கைத் துடைப்பதிலும் ஒரு முறை உண்டு. நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாக இழுக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக்கூடாது. டிஸ்க்கில் தகவல் சுருள் பாதையாக வளைந்து வளைந்து ஓடுகிறது. துடைக்கும்போது விழுகிற கீறல் குறுக்காக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சந்தான் மறையும், மறைந்ததைக் கணக்குப் போட்டு நிரப்பும் வித்தை டிஸ்க்கிலேயே எழுதப்பட்டிருக்கிறது. கீறல் பாதையோடு சேர்ந்து ஓடினால் ஒரே இடத்தில் நிறையப் போய்விடும், எந்தக் கணக்கும் அதை நிரப்பாது. இதைச் சொல்லிக்கொடுத்த பிறகு சேலைத் தலைப்பால் வட்டமாகத் தேய்ப்பதைப் பிள்ளைகளே நிறுத்திவிட்டார்கள். காரணத்தோடு சொன்னால் கேட்கிற பிள்ளைகள் அவர்கள்.

பிளேஸ்டேஷனுக்கு முந்திய காலத்தில் மைக்ரோ ஜீனியஸ் இருந்தது. நிண்டெண்டோவின் ஃபேமிகொம்மைப் பார்த்துத் தைவானில் செய்த டீவி கேம். கேசட்டைக் கழற்றி, பின்னை ஊதி, திரும்பக் குத்தினால் படம் வரும் என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். படத்தை வரவைத்தது ஊதல் அல்ல, கழற்றிக் குத்தியதுதான், அதனால் பின்கள் சரியாக உட்கார்ந்தன. ஊதியதில் போனது எச்சில் ஈரம்; அதுதான் பின்களைப் பச்சை பிடிக்க வைத்தது. ஊத வேண்டாம் என்று நிண்டெண்டோவே சொல்லியிருக்கிறது. இன்று ஊதுவதற்குப் பதிலாக ஆட்டோ டயருக்குக் காற்றடிக்கிற கடைக்குக் கொண்டுபோகிறார்கள். அது இன்னும் மோசம். கம்ப்ரெஸரிலிருந்து தண்ணீர்த் துளியும் சேர்ந்து வரும். காற்றாடி அதன் அளவுக்கு மீறிச் சுற்றி அச்சுத் தேயும். கட்டாயம் அடிக்கத்தான் வேண்டுமென்றால் காற்றாடியை ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்து அடியுங்கள்.

இவ்வளவு கவனம் ஒரு விளையாட்டுச் சாமானுக்குத் தேவையா என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். அவரிடம் சம்பளக் கணக்கைச் சொன்னேன். 2016 ஒப்பந்தத்தில் தோட்டத்து நாட்சம்பளம் 730 ரூபா. 2021-இல் 1000 ஆனது. அந்தச் சம்பளத்தில், தீபாவளி முற்பணத்தில் மிச்சம் பிடித்து, கொழும்பில் கடையில் நிற்கிற மகன் அனுப்பியதையும் சேர்த்து வாங்கிய பெட்டி இது. அதில் விளையாடுவது ஒரு வீட்டுப் பிள்ளை மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் முறை வைத்து விளையாடுகிறார்கள். அது நின்றால் ஒரு முழு வரிசைக்கும் பொழுது நின்றுபோகும். இங்கே 1924-இல் பதுளைக்குப் போட்ட ரயில் பாதை, தெமோதரை ஸ்டேஷனைச் சுற்றி வளைந்து, அந்த ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து போவதைப் படம் பிடிக்க எங்கிருந்தோ எல்லாம் வருகிறார்கள். சுத்தியலோடு தண்டவாளத்தில் நடந்து ஆணி பார்க்கிறவரை யாரும் படம் பிடிப்பதில்லை. இந்தப் பெட்டிகளுக்கும் அப்படி நடந்து பார்க்க ஒருவர் வேண்டும். பெரியவர் தலையாட்டிவிட்டு, தன் பேரனின் ரிமோட்டைக் கொண்டுவந்து தந்தார். குச்சியைத் தொடாமலே படத்தில் ஆள் தானாக நடக்கிறானாம். உள்ளே கரித்தடம் தேய்ந்திருந்தது, மாற்ற வேண்டியதுதான்.

இப்போது மூன்று பையன்கள் என்னோடு உட்காருகிறார்கள். கழற்றிய ஸ்க்ரூவை எங்கிருந்து எடுத்தோமோ அதே வரிசையில் அட்டையில் குத்தி வைக்கப் பழகிவிட்டார்கள். பிராசசர் மேல் காய்ந்துபோன பேஸ்ட்டைச் சுரண்டாமல் துடைத்தெடுக்கவும் தெரியும். அடுத்தது மேல் லயத்துப் பிளேஸ்டேஷன் 3. பேஸ்ட் வாங்கியாயிற்று. டிஸ்க் டிரைவின் ரிப்பன் வயர் மட்டும் பதுளையில் கிடைக்கவில்லை. பண்டாரவளையில் ஒரு கடையில் பழைய பெட்டி ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள், சனிக்கிழமை ரயிலில் போய்ப் பார்க்கப் போகிறோம்.