தூங்கினாலும் தீராத அசதி

இருங்காட்டுக்கோட்டையில் 22 வருடம் ஷிப்டு பார்த்தவன் நான். நைட் ஷிப்டு அசதி எனக்குத் தெரியும். நன்றாகத் தூங்கினால் தீர்ந்துவிடும். என் மகளுடையது தூங்கினாலும் தீராது. அவளுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரிக்கும் நோய். பார்த்தால் நன்றாகத்தான் இருப்பாள். காலை பத்து மணிக்கே ஓய்ந்துவிடுவாள். பேச்சின் நடுவே வார்த்தை வராது. நோய் இன்னதென்று தெரியுமுன் ஒருநாள் அவளைச் சோம்பேறி என்று சொல்லிவிட்டேன். அது இன்றும் உறுத்துகிறது.

10,000 லக்ஸ் விளக்கு வைத்து அசதிக்கு ஒளிச் சிகிச்சை தருகிறார்கள் என்று படித்ததும் வாங்கத் துடித்தேன். 2020-ல் வெளிவந்த ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில் பிரகாசமான வெள்ளை விளக்கு, மங்கலான சிவப்பு விளக்கு இரண்டிலுமே அசதி குறைந்ததாம். அப்படியானால் விளக்கை மட்டும் எப்படி நம்புவது?

டாக்டர் சொன்னார்: "காலையில் வாசலில் உட்காரட்டும் சார். மேகம் போட்டாலும் வெளியில் வெளிச்சம் போதுமானது. வெயில் ஏறுமுன் உள்ளே வந்துவிடணும், சூடு இவங்களுக்கு ஆகாது."

இப்போது தினமும் இருவரும் வாசலில். ஓரகடம் போகும் கம்பெனி பஸ்கள் கடந்து போகும். அசதி போய்விட்டதென்று சொல்லமாட்டேன். அவள் ஒரு வார்த்தையைத் தேடும்போது, எடுத்துக் கொடுக்காமல் காத்திருக்க நான் பழகிவிட்டேன்.