கடலடியில் ஒரு வெள்ளம்

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மாத்தளை மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. வஹகோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மிளகுக் கொடிகள் நின்ற மேட்டு நிலமும் சரிந்தது. "இந்த மண்ணெல்லாம் எங்க போய்ச் சேரும் மகள்?" என்று உம்மும்மா கேட்டார். உயர்தரத்தில் புவியியல் படிக்கும் எனக்கு அந்தக் கேள்வி பெரிதாகப் பட்டது.

மாத்தளை நகரைக் கடந்து ஓடும் சுது கங்கையை எடுத்துக்கொள்வோம். அது அம்பன் கங்கையிலும், அம்பன் கங்கை மகாவலியிலும் கலக்கின்றன. மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலை அடைகிறது. கனமான மணல் வழியிலேயே போவத்தென்ன, மொரகஹகந்த நீர்த்தேக்கங்களில் தங்கிவிடும். மாவு போன்ற நுண்ணிய சேறுதான் நெடுந்தூரம் போகும்.

கடலை அடைந்த பிறகும் அந்தச் சேற்றுக்கு ஓய்வில்லை. கரையோரம் படிந்ததை அலைகள் கிளறி, கண்டமேடையின் ஆழமான பகுதிக்குத் தள்ளுகின்றன. கலிபோர்னியாவின் ஈல் ஆற்றில் 1995 ஜனவரியில் பெருவெள்ளம் வந்தது. அதன் சேறு ஏறத்தாழ 70 மீற்றர் ஆழத்தில் சில சென்ரிமீற்றர் தடிப்பில் படிந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். முதலில் அது மெல்லிய வரிகளோடு தெளிவான படையாக இருந்தது. நாட்செல்ல நீர் வெளியேறிப் படை இறுகியது. பின்னர் புழுக்களும் சிப்பிகளும் அதைத் துளைத்துப் பழைய மண்ணோடு கலந்தன. சில வருடங்களில் அந்த வரிகள் மங்கிப்போயின.

எல்லா வெள்ளமும் இப்படி மறைவதில்லை. புழுக்கள் துளைக்கும் ஆழத்தை விடத் தடிப்பாகப் படிந்தாலோ, அடுத்த வெள்ளம் விரைவில் வந்து மூடினாலோ, அந்தப் படை தப்பிவிடும். அப்படித் தப்பியவற்றைக் கொண்டே பல நூற்றாண்டுகளுக்கு முந்திய வெள்ளங்களை அறிகிறார்கள். ஆகவே கடலடி ஏட்டில் இருப்பது எல்லா வெள்ளங்களின் கணக்கல்ல; அழியாமல் மிஞ்சியவற்றின் கணக்கு மட்டுமே.

இலங்கையின் கண்டமேடை ஒடுங்கியது. திருகோணமலைக்கு அருகே பெரிய கடலடிப் பள்ளத்தாக்கொன்றும் இருக்கிறது. சேறு தங்கி நிற்க அங்கே இடம் குறைவு.

கடல் நமக்காக நினைவு வைத்திருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. எந்த வளவில் எவ்வளவு உயரம் தண்ணீர் வந்தது, எந்தச் சரிவு இடிந்தது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு இப்போதே எழுதிவைப்போம். அதே சரிவில் நாளை வீடு கட்ட நினைப்பவருக்கு அந்தக் கொப்பி உயிர் காக்கும்.